‘உத்தரவு’ என்ற சொல்லும் நம் கல்லாப்பெட்டியும்

“அண்ணாச்சி, புது உத்தரவு வந்திருக்கு. இனிமே இதை விற்கக் கூடாது.”

காலையில் கடை திறந்து, விளக்கேற்றி, முதல் போணிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இப்படி ஒரு குரல் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? என்ன உத்தரவு, யார் போட்டது, என்று முதல் அமல் என்று கேட்பதில்லை. சரக்கை உள்ளே தள்ளுகிறோம், அல்லது கல்லாவைத் திறக்கிறோம். நம் வணிகப் பெருமக்களில் சிலர் இதற்கு நேர்மாறாக, “இப்படித்தான் அடிக்கடி சொல்வார்கள்” என்று அலட்சியமாக இருந்துவிட்டு, பின்னர் வழக்கு வந்து நிற்கும்போது கையைப் பிசைகிறார்கள்.

பயமும் சரி, அலட்சியமும் சரி, இரண்டும் நஷ்டமே. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ‘உத்தரவு’ என்ற ஒரே சொல்லால் பத்து வகையான காகிதங்களை நாம் அழைக்கிறோம். அந்தச் சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

சொல்லின் பொருள்

உத்தரவு என்பதற்கு நம் பேச்சு வழக்கில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று கட்டளை. மற்றொன்று அனுமதி. பெரியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, “உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அங்கே உத்தரவு என்றால் விடைபெற அனுமதி. தெய்வத்திடமும் உத்தரவு கேட்கிறோம். காங்கேயம் அருகே சிவன்மலைக் கோயிலில் உள்ள ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’யில் என்ன பொருள் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பொருளின் விலை எப்படிப் போகும் என்று பேசிக்கொள்கிற வியாபாரிகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

‘ஆணை’ என்ற சொல்லுக்கும் இப்படியே கட்டளை என்றும் சத்தியம் என்றும் இரு பொருள் உண்டு. “உன்மேல் ஆணை” என்று சொல்லும்போது அது சத்தியம். ‘அரசாணை’ என்னும்போது அது அரசின் கட்டளை.

ஆண்டவன் உத்தரவுக்கு நம்பிக்கை போதும். அரசின் உத்தரவுக்கு அது போதாது. அதற்கு எண் வேண்டும், தேதி வேண்டும், பின்னால் ஒரு சட்டமும் வேண்டும்.

வாய்ச்சொல்லும் ஓலையும்

இது இன்று நேற்று வந்த முறையல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படித்தால் இதே ஒழுங்கு தெரியும். அரசன் வாயால் சொன்ன கட்டளைக்குத் ‘திருவாய்க்கேள்வி’ என்று பெயர். அதை எழுத்தில் வடிக்கத் ‘திருமந்திர ஓலை’ என்ற அதிகாரி இருந்தார். அவருக்கு மேல் ‘திருமந்திர ஓலை நாயகம்’ இருந்தார். பிறகு அது வரிக் கணக்கில் பதிவாக வேண்டும். இன்ன ஊரின் வரி இனி இன்ன கோயிலுக்கு என்று அரசன் சொல்லிவிட்டாலும், ஓலையில் ஏறி, கணக்கில் பதிந்த பிறகே அது முழுமை பெறும். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஊர் வழங்கிய ஆனைமங்கலம் செப்பேட்டில், இப்படிக் கையெழுத்திட்ட அதிகாரிகளின் வரிசை நீண்டுகொண்டே போகிறது.

ஆக, வாயிலிருந்து வந்தது கட்டளையின் தொடக்கமே. ஓலையில் ஏறிக் கணக்கில் பதிந்ததே நடைமுறைக்கு வரும் உத்தரவு. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் இன்றைய உத்தரவுகளைப் புரிந்துகொள்வது எளிது.

பர்மான் சொல்லும் பாடம்

முகலாயர், நவாபு ஆட்சிக் காலங்களில் பாரசீக, அரபுச் சொற்கள் வந்தன. பேரரசர் தருவது பர்மான். அவருக்குக் கீழ்ப்பட்டவர்கள் தருவது பர்வானா. உரிமை வழங்கும் பத்திரம் சன்னது. கண்டிப்பான அறிவிப்பு தாக்கீது. இந்தக் கடைசிச் சொல் இன்னும் நம்மிடையே புழங்குகிறது.

இவற்றுள் ஒரு பர்மான் வணிகர் அனைவரும் அறிய வேண்டியது. 1717-இல் பேரரசர் பரூக்சியர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு பர்மான் கொடுத்தார். அதன்படி கம்பெனி ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலுத்திவிட்டு வங்காளத்தில் சுங்கமின்றி வாணிபம் செய்யலாம். சலுகை கம்பெனியின் சரக்குக்குத்தான் என்பது நவாபுகளின் நிலை. ஆனால் கம்பெனி ஊழியர்கள், ‘தஸ்தக்’ என்ற அனுமதிச் சீட்டைக் காட்டித் தங்கள் சொந்தச் சரக்கையும் சுங்கமில்லாமல் கொண்டுபோனார்கள். சுங்கம் கட்டிய உள்ளூர் வியாபாரி அவர்களோடு விலையில் போட்டியிட முடியாமல் நொடித்தான். பொறுத்துப் பார்த்த நவாபு மீர் காசிம், 1763-இல் உள்நாட்டுச் சுங்கத்தையே எல்லாருக்கும் நீக்கிவிட்டார். கம்பெனியார் அதை ஏற்கவில்லை. சண்டை மூண்டு 1764-இல் பக்சார் போரில் முடிந்தது.

ஓர் உத்தரவின் வாசகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரு தரப்பு நீட்டிப் பொருள்கொண்டதால், எத்தனை வியாபாரிகளின் பிழைப்பு போயிற்று பாருங்கள். உத்தரவுக்கு எல்லை உண்டு. அந்த எல்லை அதன் வாசகத்தில்தான் இருக்கிறது.

இன்றைய படிக்கட்டு

இன்று நம் கடைக்கு வந்து சேரும் அரசுக் காகிதங்களைப் படிக்கட்டு போல வரிசைப்படுத்தலாம்.

மேல்படி சட்டம். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றுவது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955 என்பது ஓர் எடுத்துக்காட்டு.

அடுத்தது விதிகள். சட்டத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று அந்தச் சட்டம் தரும் அதிகாரத்தின்கீழ் அரசு வகுப்பது.

அதற்கடுத்தது அறிவிக்கையும் ஆணையும். எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம், எத்தனை டன் வரை இருப்பு, எந்தத் தேதி முதல் என்பதெல்லாம் இங்கேதான் வரும். நம் வியாபாரத்தை நேரடியாகத் தொடுவது இந்தப் படிதான்.

அதற்கும் கீழே சுற்றறிக்கை. துறைத் தலைமை தன் அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்லி அனுப்புவது. இது அந்தத் துறை அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும். ஆனால் சட்டத்துக்கு முரணான சுற்றறிக்கை செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கடைசிப்படி செய்திக்குறிப்பு, அமைச்சரின் பேட்டி, தொலைக்காட்சிச் செய்தி, கைப்பேசியில் வரும் பகிர்வு. இவை தகவல் மட்டுமே, உத்தரவு அல்ல.

நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தொழிலும் வணிகமும் செய்யும் உரிமையைத் தருகிறது. பொது நலன் கருதி அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம்; ஆனால் சட்டத்தின் வழியாகத்தான் விதிக்க முடியும். 265-ஆவது பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது. அதனால்தான் ஒவ்வொரு ஆணையிலும் “இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு” என்ற வரி இருக்கும். அந்த வரிதான் ஆணைக்கு உயிர்.

மூன்று தேதிகள்

மளிகை வியாபாரிக்கு மறக்க முடியாத ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்ற பரிந்துரை, 2022 ஜூன் 28, 29 தேதிகளில் சண்டிகரில் நடந்த கவுன்சில் கூட்டத்தில் வந்தது. அதற்கான அறிவிக்கை ஜூலை 13-இல் வெளியாயிற்று. அமலுக்கு வந்தது ஜூலை 18. 25 கிலோ வரையுள்ள பொட்டலத்துக்குத்தான் வரி என்ற விவரமும் பிற்பாடே தெளிவாயிற்று. செய்தியை மட்டும் கேட்டுவிட்டு ஜூலை முதல் வாரமே வாடிக்கையாளரிடம் வரி சேர்த்து வாங்கியிருந்தால் அது தவறு. ஜூலை 18-க்குப் பிறகும் வாங்காமல் விட்டிருந்தால், அந்த வரி நம் கைப்பணத்திலிருந்து போகும்.

2025-லும் அப்படியே. சோப்பு, பற்பசை, நெய் உள்ளிட்ட பல பொருட்களின் வரி குறைப்பைக் கவுன்சில் பரிந்துரைத்தது செப்டம்பர் 3. அறிவிக்கை செப்டம்பர் 17. அமல் செப்டம்பர் 22. மாநில வரிப் பங்குக்கு மாநில அரசும் தனியே ஆணை வெளியிட வேண்டும்.

சொன்ன தேதி, எழுதிய தேதி, அமல் தேதி ஆகிய இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சோழர் காலத்துத் திருவாய்க்கேள்வியும் ஓலையும் கணக்குப் பதிவும் இன்று வேறு பெயரில் நடக்கின்றன, அவ்வளவுதான்.

வெளியிடாத உத்தரவு

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? போதாது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-இல் அமைச்சர் குழு ஒரு தீர்மானத்தின் மூலம் அபின் சட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. அதை அரசிதழிலோ வேறு எவ்வகையிலோ மக்களுக்கு வெளியிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஹர்லா என்பவர் அந்தச் சட்டத்தின்கீழ் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு 50 ரூபாய் அபராதம் பெற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மக்கள் அறியும் வகையில் வெளியிடப்படாத சட்டத்தைக் காட்டி ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று 1951-இல் தீர்ப்பளித்து, அந்தத் தண்டனையை நீதிமன்றம் நீக்கியது. ஐம்பது ரூபாய்க்காக நடந்த அந்த வழக்கு இன்றும் எல்லா வியாபாரிக்கும் அரணாக நிற்கிறது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். முறைப்படி வெளியிட்டுவிட்டால், “எனக்குத் தெரியாது, நான் படிக்கவில்லை” என்ற பதில் எடுபடாது. மத்திய அரசிதழ் இணையத்தில் வெளியாகிறது. தமிழக அரசின் ஆணைகளும் துறைவாரியாக இணையத்தில் கிடைக்கின்றன. தேடிப் படிப்பது நம் பொறுப்பு.

திருத்தத்தையும் படியுங்கள்

2021 ஜூலை 2-ஆம் தேதி பாசிப்பயறு நீங்கலாக மற்றப் பருப்புகளுக்கு மத்திய அரசு இருப்பு வரம்பு விதித்தது. மொத்த வியாபாரிக்கு 200 டன். அதிலும் ஒரு ரகம் 100 டன்னுக்கு மேல் கூடாது. சில்லறைக் கடைக்கு 5 டன். வரம்புக்கு மேல் உள்ளதைக் குறைக்க 30 நாள் அவகாசமும் அந்த ஆணையிலேயே இருந்தது. 19-ஆம் தேதி திருத்த ஆணை வந்தது. மொத்த வியாபாரிக்கு 500 டன், ஒரு ரகம் 200 டன் வரை என்று வரம்பு உயர்ந்தது. சில்லறைக் கடைக்கு 5 டன் என்பது மாறவில்லை.

துவரம்பருப்பு மட்டும் 180 டன் வைத்திருந்த ஒரு மொத்த வியாபாரியை எண்ணிப் பாருங்கள். செய்தியைக் கேட்ட மறுநாளே பதறி 80 டன்னை வந்த விலைக்குத் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 30 நாள் அவகாசம் இருப்பதைப் படித்தவர் நிதானமாக விற்றிருப்பார். 19-ஆம் தேதிக்குப் பிறகு விற்கவே வேண்டியிருந்திருக்காது. ஒரே உத்தரவுதான்; படித்தவருக்கும் கேட்டவருக்கும் உள்ள வித்தியாசம் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கில் நின்றிருக்கும்.

2023-இல் இதற்கு எதிர்மாறு. துவரைக்கும் உளுந்துக்கும் ஜூன் மாதம் 200 டன் என்று விதித்த மொத்த வியாபார வரம்பு, செப்டம்பரில் 50 டன்னாகக் குறைந்தது. பழைய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர் அகப்பட்டிருப்பார். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் வந்த ஆணையை மீறினால் சரக்குப் பறிமுதலும் சிறைத் தண்டனையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அரசாணையைப் படிக்கும் முறை

தமிழக அரசாணையில் துறையின் பெயர், எண், நாள் ஆகியவை தலைப்பிலேயே இருக்கும். ‘சுருக்கம்’ என்பது பொருளை இரண்டு வரியில் சொல்லும். ‘படிக்கப்பட்டது’ என்ற பகுதியில் முந்தைய ஆணைகளின் பட்டியல் வரும். பிறகு ‘ஆணை’. முடிவில் “ஆளுநரின் ஆணைப்படி” என்று குறித்து அரசுச் செயலாளர் கையெழுத்திடுவார். அரசியலமைப்பின் 166-ஆவது பிரிவின்படி மாநில அரசின் நடவடிக்கைகள் ஆளுநர் பெயரால் நடப்பதே இதற்குக் காரணம்.

ஒரு பயிற்சி. ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடை ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். துறை: சுற்றுச்சூழல் மற்றும் வனத் துறை. எண்: 84. நாள்: 25.6.2018. ஆதாரச் சட்டம்: சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986, பிரிவு 5. அமல்: 1.1.2019. ஆணைக்கும் அமலுக்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த ஆறு மாதம் நமக்குக் கிடைத்த அவகாசம். பயன்படுத்திக்கொண்டவர்கள் இருப்பைக் கரைத்துத் துணிப்பைக்கும் காகிதப் பைக்கும் மாறினார்கள். மற்றவர்கள் புத்தாண்டன்று சோதனையைச் சந்தித்தார்கள்.

இன்னொன்று. “கடைகள் இனி 24 மணி நேரமும் திறக்கலாம்” என்று 2019-இல் செய்தி வந்தது நினைவிருக்கும். மே 28-ஆம் தேதியிட்ட அந்த அரசாணை, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகளுக்கு மட்டும், மூன்று ஆண்டுகளுக்கு மட்டும், வேலை நேரம், பெண் ஊழியர் பாதுகாப்பு முதலிய நிபந்தனைகளோடு வந்தது. பின்னர் 2022-லும் 2025-லும் நீட்டிக்கப்பட்டது. மூன்று பேர் வேலை செய்யும் கடைக்காரர் அந்த ஆணையைக் காட்டி உரிமை கோர முடியாது. கம்பெனியார் பர்மானைக் காட்டியது போன்ற கதையாகிவிடும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

யாராவது உத்தரவு என்று சொன்னால் இந்த நான்கையும் கேளுங்கள்.

1. எண்ணும் தேதியும் என்ன? எந்தத் துறை?
2. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு?
3. என்று முதல், என்று வரை?
4. யாருக்கு? நம் கடையும் நம் சரக்கும் அதில் அடங்குமா? பிறகு திருத்தம் வந்திருக்கிறதா?

கேட்கும்போது பணிவாகக் கேட்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர், எடையளவு ஆய்வாளர் போன்றோருக்குச் சட்டமே ஆய்வு செய்யும் அதிகாரம் தந்திருக்கிறது. அவர்களிடம் அரசாணையைக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்று வழிமறிப்பது நமக்கே வினையாகும். அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டு ஒத்துழையுங்கள். பணம் கட்டச் சொன்னால் எந்தப் பிரிவின்கீழ் என்று குறித்த ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லாத அபராதம் அபராதமல்ல. மத்திய ஜி.எஸ்.டி. அதிகாரிகள் அனுப்பும் அழைப்பாணை முதலியவற்றில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்ற முறை 2019 நவம்பர் 8 முதல் வந்தது. இணையதளம் வழியாக வருபவற்றில் அதற்கெனக் குறிப்பு எண் இருக்கும். அந்த எண்ணை இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆணையின் நகல் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். நம் சங்கங்கள் தோறும் ஒரு கோப்பு வைத்து, வரும் ஆணைகளையும் திருத்தங்களையும் தேதிவாரியாகச் சேர்த்து வந்தால், தனித்தனியே அலைய வேண்டிய வேலை இல்லை. கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்த மாதத்து ஆணையை ஒருவர் படித்துக்காட்டினால் எழுதப் படிக்கத் தடுமாறும் மூத்த வியாபாரிக்கும் பயன்படும்.

கொள்முதல் செய்யும்போது பில்லைப் பார்க்காமல் சரக்கை இறக்க மாட்டோம். மூட்டையை எடை போடாமல் கணக்கில் எழுத மாட்டோம். அந்தப் பழக்கத்தை உத்தரவுக்கும் நீட்டினால் போதும். அடுத்த முறை, “அண்ணாச்சி, புது உத்தரவு வந்திருக்கு” என்று யாராவது சொன்னால், “அப்படியா, நல்லது. நம்பர் என்ன, தேதி என்ன?” என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். உண்மையான உத்தரவு என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும், அதன்படி நடப்போம். பதில் இல்லையென்றால் வந்தது உத்தரவல்ல, வெறும் பேச்சு. கல்லாவை மூடிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்போம்.